காத்திருக்கிற வேலை முதலில்: அடுப்படியில் ஒரு முழு நாள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் அடுப்படிக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன். இரண்டு பிரெட், ஒரு பெரிய பாத்திரம் ராஜ்மா, காய்கறி வேகவைத்து எடுக்கிற சாறான ஸ்டாக், ஒரு கூடை பிஸ்கெட், வறுத்த ஓட்ஸ், மின்சார அவனில் சுட்ட தக்காளி, நாலைந்து பாட்டில் ஜாம், கடைசியில் தயிர். நடுவில் சாமான் அலமாரியையும் ஒதுங்க வைப்பேன். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. காலை எட்டு மணிக்கு நின்றால் ராத்திரி பத்துக்கும் நின்றுகொண்டிருப்பேன், கால் இரண்டும் வீங்கியிருக்கும், பிரெட் மட்டும் வெந்திருக்காது.

அப்புறம் ஒரு நாள் காகிதம் எடுத்து, எந்த வேலைக்கு என் கை எவ்வளவு நேரம் வேண்டும், எதற்கு வெறும் பொழுது போனால் போதும் என்று தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். பிரெட்டுக்கு என் கை அரை மணி நேரம்தான் வேண்டும். ஆனால் அது தின்கிற பொழுது பதினான்கு மணி நேரம். ராஜ்மாவுக்கும் அதே கதை. ஜாமுக்கு நேர்மாறு: முக்கால் மணி நேரம்தான், ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் நான் பாத்திரத்தை விட்டு நகரக் கூடாது. அன்றிலிருந்து ஒரே ஒரு கணக்குதான். தானாக நடக்கிற வேலையை முதலில் கிளப்பிவிட வேண்டும். என்னைக் கட்டிப் போடுகிற வேலையை ஒவ்வொன்றாக, வேறெதுவும் அடுப்பில் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும்.

அதனால் ஞாயிறு வேலை சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கே தொடங்கிவிடும்.

முதலில் ராஜ்மா. 500 கிராம் எடுத்துக் கல் பார்த்து, கழுவி, 2 லிட்டர் தண்ணீரில் ஊற வைக்கிறேன். அந்தத் தண்ணீரில் 30 கிராம் உப்பு. உப்புப் போட்டால் பருப்பு வகை வேகாது என்று என் அக்கா இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். ஊறவைக்கிற தண்ணீரைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர் எதிர். தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால் தோல் மெத்தென்று வேகும், வெடித்து உதிரவும் உதிராது. வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். தக்காளியோ எலுமிச்சையோ சேர்ப்பதாக இருந்தால், விரலால் நசுக்கினால் மசிகிற பதம் வந்தபிறகுதான் சேர்க்க வேண்டும்.

அடுத்தது பிரெட் மாவு. 1 கிலோ மைதா, 660 கிராம் தண்ணீர், 20 கிராம் உப்பு, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். தண்ணீரையும் நான் தராசில்தான் நிறுக்கிறேன். கோப்பையில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கையால் சேர்த்துவிட்டு, இருபது நிமிடம் மூடி வைத்துவிடுங்கள். இந்த இருபது நிமிடத்தில் பாதிப் பிசைகிற வேலையை மாவே செய்துகொள்ளும். முதலில் கையெல்லாம் அப்பிக்கொண்டு சொரசொரவென்று இருந்தது, மூடியைத் திறந்தால் வழுவழுவென்று ஆகியிருக்கும். பிறகு ஐந்தாறு நிமிடம் பிசைந்தால் போதும். பதம் பார்க்க, நெல்லிக்காய் அளவு கிள்ளியெடுத்து இரண்டு கை விரல்களாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியாமல் மெல்லிய தோல்போல விரிந்து, பின்னால் இருக்கிற விளக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். நடுவில் பொத்தென்று ஓட்டை விழுந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

ஒரு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறேன். குளிரில் ஈஸ்ட் தூங்கி வழியும், ஆனால் முழுக்க நிற்காது. ராத்திரி முழுக்க நிதானமாகப் புளிப்பதால் ருசியும் கூடும். அதைவிடப் பெரிய லாபம், காலையில் மாவு எனக்காகக் காத்திருக்கும். நான் மாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த மாவில் உப்புப் போட மறந்த பெருமையும் எனக்கு உண்டு. பார்க்க அருமையாகப் பொங்கி வந்தது, பொன்னிறமாக வெந்தது, வாயில் வைத்தால் காகிதம். அதிலிருந்து உப்பை முதலிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் நிறுத்து, மாவுப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். கிண்ணத்தை எடுக்காமல் தண்ணீர் ஊற்ற முடியாது.

படுக்கப் போகுமுன் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவேன். அதில் இருப்பதெல்லாம் நேரங்கள்தான்: 7.30 மாவு வெளியே, 8 ராஜ்மா அடுப்பில், 9.30 அவன் சூடு, 10 பிரெட் உள்ளே. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கே தெரியும். எப்போது என்பதுதான் மறந்துபோகும். பாத்திரங்கள், தட்டுகள், காலி பாட்டில்கள் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பதும் இந்த நேரத்தில்தான். உலையை வைத்துவிட்டு அரிசி தேடுகிற பழக்கம் ஒரு சமையலுக்கு வேண்டுமானால் தாங்கும். எட்டுச் சமையலுக்குத் தாங்காது.

காலை ஏழரைக்கு மாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காபி. காபி குடித்து முடிக்கும்வரை எதையும் தொடுவதில்லை.

எட்டு மணிக்கு ராஜ்மா. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, பெரிய தீயில் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கொதி வந்தபிறகு குறைந்தது பத்து நிமிடம் தீயைக் குறைக்கக் கூடாது. ராஜ்மாவில் லெக்டின் என்கிற நச்சுப்பொருள் ஒன்று இருக்கிறது. சரியாக வேகாத ராஜ்மாவை நாலைந்து தின்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். கொதிநிலையில்தான் அது அழியும். மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பாத்திரத்தில் பச்சையாகப் போட்டுவிட்டுப் போவது ஆபத்து. அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது. பத்து நிமிடக் கொதிக்குப் பிறகு சிம்மில் வைத்து, ஓரமாக மூடியைத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரமோ ஒன்றரையோ ஆகும். பழைய சரக்காக இருந்தால் இன்னும் இழுக்கும். வெந்ததும் எடை கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகிவிடும். 250 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஃபிரீஸரில் போட்டால் ஐந்து வேளைக்கு வரும்.

பின் அடுப்பில் ஸ்டாக். வாரம் முழுக்கச் சேர்த்து ஃபிரீஸரில் போட்டு வைத்த வெங்காயத் தோல், கேரட் நுனி, காளான் காம்பு, கொத்தமல்லித் தண்டு, எல்லாம் ஒரு பாத்திரத்தில். தண்ணீர் மூழ்கும் அளவு. ஒரு மணி நேரம் சிம்மில். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் துண்டுகளைச் சேர்க்காதீர்கள், வீடே நாறும். இதற்கு மேல் ஸ்டாக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, ஆற வைப்பதைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

எட்டரைக்கு மாவை இரண்டாகப் பிரித்து, காற்றை லேசாக அமுக்கி, சுருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் டின் விளிம்புக்கு மேல் ஒரு விரற்கடை எழும்பும். வெயில் நாளில் ஒரு மணி நேரத்திலேயே எழும்பிவிடும், அதனால் கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள். மாவில் விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் திரும்பி வர வேண்டும். சட்டென்று துள்ளி வந்தால் இன்னும் நேரம் வேண்டும். வரவே இல்லையென்றால் தாமதமாகிவிட்டது, உடனே அவனுக்குள் தள்ளுங்கள்.

அது எழும்பும் நேரத்தில் பிஸ்கெட் மாவு. 300 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. மூன்று, இரண்டு, ஒன்று. குறிப்பு தேட வேண்டாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மைதா சேர்த்து, உருட்டுக்கட்டை கனத்துக்கு நீளமாக உருட்டி, காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. குளிர்ந்து இறுகியபின் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லை வில்லையாக வெட்டலாம். நான் எப்போதும் இரண்டு மடங்கு செய்து பாதியை ஃபிரீஸரில் போட்டுவிடுவேன். திடீரென்று விருந்தாளி வந்தால் வெட்டிச் சுட இருபது நிமிடம்.

இப்போது அவன் விஷயம். ஒரு நாளில் நான்கைந்து பண்டம் சுடப்போகிறோம் என்றால் வரிசைதான் முக்கியம். சூடு மேலிருந்து கீழே இறங்கி வர வேண்டும்: பிரெட் 220 டிகிரி, பிஸ்கெட் 170, ஓட்ஸ் 150, தக்காளியும் 150. ஏறி இறங்கி ஏறினால் நேரமும் மின்சாரமும் தண்டம். இன்னொரு வரிசையும் உண்டு, வாசனை வரிசை. பூண்டு போட்ட தக்காளி கடைசியில்தான். ஒரு தடவை பூண்டை முதலில் சுட்டுவிட்டேன். அன்றைக்கு வந்த பிஸ்கெட்டை என் மகன் முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்குச் சட்னி எங்கே?" என்று கேட்டான்.

அவனில் இருக்கும் குமிழ் சொல்கிற சூட்டை நம்பாதீர்கள். உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தபோதுதான் என் அவன் 20 டிகிரி குறைத்துக்கொண்டு என்னை இவ்வளவு காலம் ஏமாற்றியது தெரிந்தது. பிரெட் சரியாக வேகவில்லை என்று ஈஸ்ட்டைத் திட்டியதெல்லாம் வீண்.

பிரெட்டுக்கு 220இல் இருபது நிமிடம், அப்புறம் 200க்குக் குறைத்து இன்னும் இருபது. முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. அப்போதுதான் மாவு கடைசியாக ஒரு எழும்பு எழும்பும். வெந்துவிட்டதா என்று பார்க்க நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 93இலிருந்து 96 டிகிரிக்குள் காட்ட வேண்டும். டின்னிலிருந்து உடனே எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். ஒரு மணி நேரம் கத்தியை அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். உள்ளே இருக்கிற மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. சூட்டில் வெட்டினால் ஆவி வெளியேறி, நடுப்பாகம் பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தை மீறாதவர் யாரும் இல்லை, நானும் சேர்த்து.

அடுத்து அவன் கதவை ஐந்து நிமிடம் திறந்து வைத்துச் சூட்டை இறக்கி, பிஸ்கெட் பதினைந்து நிமிடம். ஓரம் மட்டும் சிவந்தால் போதும், ஆறினால் மொறுமொறுப்பு தானாக வரும். பிறகு 500 கிராம் ஓட்ஸ், 100 கிராம் தேன், 100 மில்லி எண்ணெய், கைப்பிடி முந்திரியோ பாதாமோ கலந்து பரப்பி முப்பத்தைந்து நிமிடம், பாதியில் ஒரு கிளறு. உலர் திராட்சையை வெளியே எடுத்த பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் கரிக்கட்டை.

பன்னிரண்டரைக்கு 2 கிலோ தக்காளி. பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க அடுக்கி, உப்பு, எண்ணெய், தோலோடு பத்துப் பல் பூண்டு. 150 டிகிரியில் இரண்டு மணி நேரம். சுருங்கிப் பாதியாகும், இனிப்பு ஏறும். ஆறியதும் டப்பாக்களில் போட்டு நேராக ஃபிரீஸருக்கு. ஒரு எச்சரிக்கை: பூண்டையும் இந்தத் தக்காளியையும் எண்ணெயில் மூழ்க வைத்து அலமாரியில் அழகுக்காக வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில்தான் கொடிய நச்சை உண்டாக்குகிற பொட்டுலினம் கிருமி வளரும், அதற்கு நாற்றமோ நிறமோ இருக்காது. ஃபிரிட்ஜில் நான்கு நாள், அதற்கு மேல் என்றால் ஃபிரீஸர்.

அவனை நிறுத்தியபிறகு மிச்சச் சூட்டில் பழைய பிரெட் துண்டுகளைப் போட்டு வைப்பேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் பிரெட் தூள் தயார். பூண்டு வாசனையோடு இருக்கும், அது இங்கே குறையில்லை.

இப்போது ஆற வைக்கிற விஷயம். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். பெரிய பாத்திரத்தில் இருக்கிற ஸ்டாக்கை அப்படியே மூடி வைத்தால் ராத்திரிகூட நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். 60இலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். வழி சுலபம்: வாயகன்ற தட்டையான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றுங்கள், கழுவுதொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி அதில் உட்கார வையுங்கள், நடுநடுவே கிளறிவிடுங்கள். அரை மணி நேரத்தில் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். ராஜ்மாவுக்கும் இதேதான்.

தக்காளி அவனில் இருக்கிற இரண்டு மணி நேரம்தான் சாமான் அலமாரிக்கு. எல்லாவற்றையும் வெளியே எடுக்காதீர்கள். நான் ஒரு முறை அப்படி எடுத்துப் பரப்பிவிட்டு, இரவு வரை வழி இல்லாமல் டப்பாக்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். பழையது முன்னால், புதியது பின்னால். ஒவ்வொரு டப்பாவிலும் காகித டேப் ஒட்டிப் பெயரும் தேதியும். "பார்த்தாலே தெரியுமே" என்று நினைக்கிற பொருளுக்குத்தான் முதலில் ஒட்ட வேண்டும். மைதாவும் சோளமாவும் பார்த்தால் தெரியாது, குழம்பில் போட்ட பிறகுதான் தெரியும்.

பேக்கிங் பவுடரை ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள்; சோடா உப்பை வினிகரில் போடுங்கள். பொங்கினால் உயிர் இருக்கிறது. சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள். முழுக் கோதுமை மாவை மூக்கில் வைத்துப் பாருங்கள், பழைய எண்ணெய் வாசனை அடித்தால் கெட்டுவிட்டது. முளைப்பகுதியிலுள்ள எண்ணெய்தான் காரணம், அதனால் அதற்கு ஃபிரிட்ஜ்தான் இடம். மிளகாய்த்தூள், மிளகு போன்றவற்றை அடுப்புக்கு மேலே வைத்திருந்தால் வேறு பக்கம் மாற்றுங்கள். சூட்டில் மணம் பறந்துவிடும்.

வண்டு வந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரும்பாலும் முட்டையாகத் தானியத்தோடேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. புதிதாக வாங்கிய மாவையும் தானியத்தையும் கட்டு பிரிக்காமல் நான்கு நாள் ஃபிரீஸரில், மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் கோத்துக் கட்டி தட்டிவிடும்.

மூன்று மணிக்கு ஜாம். அடுப்பில் வேறு எதுவும் இல்லை, அவன் அணைந்துவிட்டது, கைபேசி வேறு அறையில். இப்படி ஒழுங்கு பண்ணிக்கொள்வதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரு தடவை ஜாம் கொதிக்கும்போது "ஒரு நிமிடம்தானே" என்று அலமாரிப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது கரண்டி பாத்திரத்தின் நடுவில் தானாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

1 கிலோ ஸ்ட்ராபெரி, 800 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சைச் சாறு. ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு. அதுதான் ஜாமை உறைய வைக்கிற பொருள், எலுமிச்சையின் புளிப்பு அதற்குக் கைகொடுக்கும். அகன்ற பாத்திரம்தான் வேண்டும்; ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் வற்ற நேரமாகி நிறம் கறுத்துவிடும். சர்க்கரை கரையும்வரை சிறு தீ, பிறகு முழுத் தீ.

கொதிப்பைக் கவனியுங்கள். முதலில் நுரை வெள்ளையாக, சின்னச் சின்னக் குமிழாக, பாத்திரத்தின் வாய்வரை ஏறும். கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கி, குமிழ்கள் பெரிதாகி, சோம்பேறித்தனமாக ப்ளப் ப்ளப் என்று வெடிக்கும். சத்தமே மாறிவிடும். அப்போது சூடு 104, 105 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குத் தண்ணீரே நூறுக்குக் கீழ் கொதிப்பதால், தண்ணீர் கொதிக்கிற சூட்டைவிட 4, 5 டிகிரி கூடுதல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரீஸரில் முன்கூட்டியே வைத்த தட்டை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேல்பரப்பு சுருங்கிச் சுருக்கம் விழ வேண்டும். ஓடினால் இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. தட்டில் பார்க்கிறபோது அடுப்பை அணைத்துவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறப்பது.

பாட்டில்களைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டுச் சூடாகவே எடுத்து நிரப்ப வேண்டும். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கிற ஜாமை ஊற்றினால் விரிசல் விடும். நான் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன்.

நான்கரைக்கு எல்லாம் முடிந்து பாத்திரம் மட்டும் மிச்சம். நடுநடுவே கழுவியிருந்தால் குறைவாக இருக்கும். மாவுப் பாத்திரத்தை மட்டும் வெந்நீரில் கழுவாதீர்கள், பசையாகிவிடும். குளிர்ந்த தண்ணீர்தான்.

அன்றைக்கு ராத்திரிச் சமையல் கிடையாது. ராஜ்மாவில் இரண்டு கரண்டி, சுட்ட தக்காளி கொஞ்சம், உடையாமல் மீந்த பிரெட் கட்டை. யாரும் குறை சொன்னதில்லை.

ஒன்பது மணிக்குக் கடைசி வேலை. 1 லிட்டர் பாலை 85 டிகிரிக்குக் காய்ச்சி ஐந்து நிமிடம் அதே சூட்டில் வைத்தால் தயிர் கெட்டியாக வரும். 43, 44 டிகிரிக்கு ஆற விட்டு, ஒரு மேஜைக்கரண்டி பழைய தயிரைக் கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றி, மூடி, அணைந்த அவனுக்குள் ஒரு துண்டில் சுற்றி வைத்துவிடுகிறேன். அவன் கதவில் "உள்ளே தயிர்" என்று டேப் ஒட்டாமல் மட்டும் போகாதீர்கள். மறுநாள் காலையில் யாராவது பிரெட் வாட்டலாம் என்று அவனைப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் போட்டார்கள்.